பீரங்கி அலமாரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறு வடிவப் போர்க்கருவிகளைச் சேகரிப்பவர்களுக்கான பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய பீரங்கிகளைப் பற்றியவை. வாங்கிய பொருளின் விலை வீட்டில் தெரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுவதால், யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஜெர்மானிய பீரங்கிகளின் மினியேச்சர்களைச் சேகரிக்கத் தொடங்கப் போகிறேன் ஐயா. முதலில் புகழ்பெற்ற 88 மி.மீ. பீரங்கியை வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பலர் அங்கேயே நின்றும்விடுகிறார்கள். 1939-ல் ஒரு ஜெர்மானிய காலாட்படை டிவிஷனின் பீரங்கி ரெஜிமெண்டில் 36 இலகு ஹோவிட்சர்கள் (குண்டை உயர்த்தி வளைவாக வீசும் பீரங்கிகள்) இருந்தன. அந்தப் படையின் அன்றாட வேலையைச் செய்தவை அவைதான். பெட்டியில் ‘10.5 செ.மீ. லெ.எஃப்.ஹெச். 18’ என்று அச்சிட்டிருக்கும். ரைன்மெட்டால் வடிவமைத்தது. 1935-ல் சேவைக்கு வந்தது. எடை ஏறக்குறைய 2 டன், எட்டும் தூரம் 10,675 மீட்டர்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரு பீரங்கியைக் கூர்ந்து பார்த்தாலே காலத்தைப் படிக்கப் பழகிவிடலாம். குழலின் முனை வெறுமையாக இருந்தால் அது ஆரம்ப வடிவம். முனையில் துளைகளுடன், பின்னுதைப்பைக் குறைக்கும் ஒரு பிரேக் பொருத்தியிருந்தால், கூடுதல் வெடிமருந்திட்டு 12,325 மீட்டர் வரை சுடுவதற்காக 1940-க்குப் பின் வந்த மாற்றம். முனைப் பிரேக்கோடு, வண்டியும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியான பாக் 40-இன் வண்டியாக இருந்தால் அது 18/40. எடையைக் குறைப்பதற்காகப் போரின் பிற்பகுதியில் செய்த ஒட்டு வேலை அது. ஆக, முனைப் பிரேக் வைத்த ஹோவிட்சரை 1939 போலந்துப் படையெடுப்புக் காட்சியில் நிறுத்தியிருந்தால், அதைச் செய்தவர் புகைப்படம் எதையும் பார்க்காமல் செய்திருக்கிறார் என்று பொருள்.

கையில் எடுத்ததும் குழலின் மேலும் கீழும் பாருங்கள். பின்னுதைப்பைத் தாங்கும் உருளை கீழே, குழலைத் தாங்கும் தொட்டிலுக்குள் இருக்கும். குழலை மீண்டும் முன்னுக்குத் தள்ளும் உருளை மேலே படுத்திருக்கும். மலிவான மாதிரிகளில் மேலே இருப்பது வெறும் குச்சியாக இருக்கும். அப்படி இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர்): வண்ணம் பூசித் தயாராக வரும் உலோக மாதிரி ஒன்றை வாங்கினேன். அதே இலகு ஹோவிட்சர்தான். மர ஆரக்கால் சக்கரங்கள். அதை ஒரு ஹாஃப் டிராக் வண்டி (முன்னே சக்கரம், பின்னே சங்கிலிப் பட்டை) இழுத்துப் போகிறது. பார்க்க மிக அழகாக இருக்கிறது. சரியானதுதானா?

பதில்: அழகாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடுங்கள். சரியானது இல்லை. மர ஆரக்காலும் இரும்புப் பட்டையும் கொண்ட சக்கரம் குதிரையின் நடைக்கு உரியது. மோட்டார் வண்டியில் பூட்டப்பட்ட பீரங்கிகளுக்கு உலோகச் சக்கரமும் அதன்மேல் கெட்டி ரப்பர் பட்டையும் இருந்தன. ஹாஃப் டிராக் ஓடும் வேகத்தில் ஆரக்காலை வைத்து இழுத்தால் சக்கரம் எங்கே போய் விழும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குதிரை இழுத்தவற்றிலும் பின்னாளில் உலோகச் சக்கரங்கள் வந்தன. அதனால் எதிர்த்திசையில் விதி அவ்வளவு கறாரானது இல்லை. மரச் சக்கரம் என்றால் குதிரை. இது மட்டும் நிச்சயம்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜெர்மானியப் படை என்றதும் எல்லோர் மனத்திலும் எஞ்சின் உறுமுகிறது. உண்மையில் அந்தப் படை போர்க்காலம் முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 27 லட்சம் குதிரைகளைப் பயன்படுத்தியது. ஒரு காலாட்படை டிவிஷனுக்கு மட்டும் சுமார் 5,000 குதிரைகள். இலகு ஹோவிட்சருக்கு ஆறு குதிரைகள், மூன்று ஜோடிகளாக. இடப்பக்கக் குதிரைகளின் மேல் மட்டும் மூன்று பேர் ஏறி ஓட்டுவார்கள். வலப்பக்கக் குதிரைகளின் முதுகில் ஆள் இருக்காது. 15 செ.மீ. கன ஹோவிட்சர் ஐந்தரை டன் கனம் என்பதால், குழலைத் தனியே கழற்றி ஒரு வண்டியில் ஏற்றி, வண்டித் தளத்தை இன்னொரு சுமையாக்கி, இரண்டுக்கும் தனித்தனியே ஆறு குதிரைகளைப் பூட்டினார்கள்.

பின்னே ஏன் நமக்கு மோட்டார் வண்டிகளே கண்ணில் படுகின்றன? படம் எடுத்தவர்கள் அப்படி எடுத்தார்கள். ஜெர்மானிய கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் 80,000-க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியாவுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கொடுத்தது. போர்க்காலப் படங்களில் பெரும்பகுதி படையோடு போன பிரச்சாரப் பிரிவினர் எடுத்தவை. நவீனமான, வேகமான படை என்று காட்டுவதே அவர்கள் வேலை. சேற்றில் மூட்டுவரை புதைந்து நிற்கும் குதிரையைப் படமெடுத்து அனுப்பினால் பாராட்டா கிடைக்கும்? அந்தத் தேர்வைப் பொம்மை செய்பவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அதோடு ஆறு குதிரைகளையும் சேணத்தையும் வார்களையும் செய்து விற்பதைவிட ஒரு ஹாஃப் டிராக் செய்து விற்பது லாபம்.

உங்கள் மாதிரிக்கு வழி இருக்கிறது. ஹாஃப் டிராக்கைப் பிரித்துத் தனியாக வைத்துவிடுங்கள். ஹோவிட்சரைச் சுடும் நிலையில், கால்களை விரித்து நிறுத்துங்கள். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி (மருந்துக் கடைக்காரர்): ஃபிளாக் 18, 36, 37 மூன்றும் 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகள்தான். எப்படிப் பிரித்து அறிவது? குழலைப் பார்த்தாலே தெரியும் என்கிறார் விற்பவர்.

பதில்: குழலைப் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். ஃபிளாக் 36-க்காகப் பகுதி பகுதியாகப் பிரிக்கக்கூடிய குழலைக் கொண்டுவந்தார்கள். தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றலாம் என்பது நோக்கம். ஆனால் குழல்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த முடியும் என்பதால், பழைய வண்டியில் புதிய குழல் உட்கார்ந்திருக்கும் படங்கள் நிறைய உண்டு.

சக்கரங்களை எண்ணுங்கள். ஃபிளாக் 18 பயணித்தது 201 என்ற எண்ணுள்ள இழுவண்டியில். அதில் முன்புறம் பக்கத்துக்கு ஒரு டயர், பின்புறம் பக்கத்துக்கு இரண்டு. ஃபிளாக் 36-க்கு வந்த 202-இல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி, இரட்டை டயர்கள். ஃபிளாக் 37-ஐ அறிய, குழலின் பக்கவாட்டில் குறிபார்ப்பவர் உட்காரும் இடத்தில் உள்ள வட்ட முகப்புகளைப் பாருங்கள். தொலைவில் இருக்கும் கணிப்புக் கருவி மின்கம்பி வழியே அனுப்பும் முள்ளைப் பின்தொடர்ந்து, தன் முள்ளை அதன்மேல் பொருத்துவதுதான் 37-இல் அவர் வேலை. அந்த மாற்றத்துக்காகவே அது 37 ஆயிற்று. அதாவது விமானங்களைச் சுடுவதற்கான நிலையான பேட்டரிக்கு, அதாவது பீரங்கிக் குழுவுக்கு, உரிய கருவி அது.

ஜப்பானிய நிறுவனமான டமியா 1972-ல் வெளியிட்ட 1/35 கிட்டின் (அசலில் 35-இல் ஒரு பங்கு அளவில், நாமே பாகங்களை ஒட்டிச் செய்வது) பெட்டியில் ‘36/37’ என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கிட் கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. நுணுக்கம் வேண்டுமானால் பின்னால் வந்த டிராகன், ஏ.எஃப்.வி. கிளப் நிறுவனங்களின் கிட்களுக்குப் போகலாம். பாகங்கள் மிக அதிகம். பொறுமை இல்லாதவர்கள் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி (கணக்காளர்): பெட்டியில் 1/35 என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வெர்னியர் காலிப்பரை நம்புங்கள். 88-இன் குழல் நீளம் பிரீச் (குண்டைச் செருகும் பின்பகுதி) உட்பட 4,938 மி.மீ. 1/35-ல் அது 141 மி.மீ. வர வேண்டும். 1/30-ல் 165, 1/72-ல் 69. மூன்று நான்கு மி.மீ. குறைந்தால், காட்சிப் பெட்டிக்குள் அடங்குவதற்காக யாரோ குழலை வெட்டியிருக்கிறார்கள். குழலின் வாய்க்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். அசலில் 32 வரிப்பள்ளங்கள் உண்டு. கடைசல் போட்ட உலோகக் குழல்களில் அவற்றைச் செதுக்கியே தருகிறார்கள்.

1/35 என்ற விகிதத்தில் எந்தக் கணித மகிமையும் கிடையாது. 1961-ல் டமியா ஒரு பாந்தர் டாங்கியைச் செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிய பிறகு அளந்தால் 1/35 வந்தது. உலகமே அந்த பேட்டரிக்குத் தலைவணங்கி நிற்கிறது.

தடிமன் விஷயத்தில் மட்டும் பிளாஸ்டிக் நிச்சயம் பொய் சொல்லும். பாக் 40-இன் கேடயம், நடுவே இடைவெளி விட்டு நிறுத்திய இரண்டு மெல்லிய தகடுகள். பிளாஸ்டிக்கில் 1 மி.மீ. தடிமனுக்கு வார்த்தால் 1/35-ல் அது 35 மி.மீ. கவசத்துக்குச் சமம். கேடயத்தை மேலிருந்து பாருங்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் வாங்கலாம். விளிம்பை உட்புறமாகச் சீவி மெல்லியதாக்கியிருந்தால், செய்தவருக்கு விஷயம் தெரியும். பித்தளைத் தகட்டில் மாற்றுக் கேடயங்களும் தனியே கிடைக்கின்றன.

கேள்வி (ஓவிய ஆசிரியர்): சாம்பல் நிறமா, மஞ்சளா? ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்று பூசுகிறதே.

பதில்: தேதியைச் சொன்னால் நிறத்தைச் சொல்கிறேன். 1937 முதல் அடர்சாம்பலின்மேல் மூன்றில் ஒரு பங்கு அடர்பழுப்பு. 1940 ஜூலை கடைசியில் பழுப்பை நிறுத்திச் சாம்பல் மட்டும் என்று உத்தரவு. 1943 பிப்ரவரி 18 முதல் அடர்மஞ்சள்தான் அடிப்படை நிறம். அதன்மேல் பூச ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் களிம்பாக டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்குப் போயின. பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, இருக்கும் கருவியால் அவர்களே பூசிக்கொண்டார்கள். தெளிப்பான் இருந்தவன் தெளித்தான். இல்லாதவன் தூரிகையைத் தேடினான். அதிகத் தண்ணீர் ஊற்றியவனின் பூச்சு அடுத்த மழையில் ஒழுகியது. அதனால் மஞ்சளின்மேல் வரும் கோலத்துக்கு ஒரே சரியான வடிவம் என்று ஒன்று இல்லை. யாராவது அடித்துச் சொன்னால் அவர் படத்தைக் காட்டட்டும்.

வட ஆப்பிரிக்கா தனிக் கதை. 1941 மார்ச்சில்தான் அங்கே மஞ்சள்பழுப்பும் சாம்பல்பச்சையும் பூச உத்தரவு வந்தது. முதலில் இறங்கியவை ஐரோப்பியச் சாம்பலிலேயே போயின. எனவே 1941-ல் பாலைவனத்தில் நிற்கும் 88-இன் மணல் நிறம் உரிந்து அடியில் சாம்பல் தெரிந்தால் அது ரசனையும் சரி, வரலாறும் சரி. அதே உரிதலை 1944-ல் புதிதாக ஆலையிலிருந்து வந்த பாக் 40-இல் காட்டக் கூடாது. அதன் மஞ்சளுக்கு அடியில் சாம்பல் கிடையாது, செங்காவி நிற அடிப்பூச்சுதான் உண்டு.

ஓவிய ஆசிரியர் என்பதால் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். துருவை அள்ளி அப்பாதீர்கள். பீரங்கிக்காரர்கள் தங்கள் பீரங்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவர்கள். நிறம் தேய்வது கை படும் இடத்திலும் மண் உரசும் இடத்திலும்தான்: திருகு கைப்பிடிகள், பிரீச் ஓரம், தரையில் ஊன்றும் மண்வெட்டித் தகடு. அந்தத் தகட்டில் நிறமே தங்காது, வெறும் எஃகு பளபளக்கும். கேடயத்தின் நட்டநடுவில் துருப்பிடித்த ஓட்டையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி (தையல் கலைஞர்): வீரர்களின் உருவங்களையும் சேர்த்து வைக்க விரும்புகிறேன். எல்லாப் பீரங்கிகளுக்கும் ஒரே சீருடை உருவங்கள் போதுமா?

பதில்: தையல்காரர் கேட்கும் கேள்வி இது. மற்றவர்கள் இதைக் கேட்பதே இல்லை. தோள்பட்டியின் விளிம்பு நிறத்தைப் பாருங்கள். தரைப்படைப் பீரங்கிப் பிரிவுக்குச் சிவப்பு. டாங்கி எதிர்ப்புப் பிரிவுக்கு ரோஜா நிறம். ஆறு குழல்கள் கொண்ட ராக்கெட் வீசியான நெபல்வெர்ஃபரை இயக்கியவர்களுக்குக் கருஞ்சிவப்பு. வேடிக்கை என்னவென்றால், 7.5 செ.மீ., 15 செ.மீ. காலாட்படைப் பீரங்கிகளை இயக்கியவர்களுக்குச் சிவப்பு இல்லை, வெள்ளை. அவர்கள் காலாட்படை ரெஜிமெண்டின் 13-ஆம் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். பீரங்கி வைத்திருந்தாலும் காலாட்படை ஆட்கள்தான்.

88-ஐ இயக்கியவர்களில் பெரும்பாலோர் விமானப்படையினர். நீலச்சாம்பல் சீருடை, சிவப்புக் கழுத்துப்பட்டை. இழுவை வண்டியின் எண் தகடும் ‘டபிள்யூ.எல்.’ என்று தொடங்க வேண்டும். ‘டபிள்யூ.ஹெச்.’ தரைப்படைக்கு உரியது. வண்டிக்குத் தரைப்படை எண், ஆட்களுக்கு விமானப்படைச் சீருடை என்று கலந்து விற்கும் தொகுப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜெர்மனியின் நகரங்களைச் சுற்றி இருந்த 88 பேட்டரிகளை 1943-44-க்காகச் செய்கிறீர்கள் என்றால், முறுக்கு மீசைக்கு ஏற்ற முகங்களை எடுத்து ஓரம் வையுங்கள். 1943 பிப்ரவரியில், அதாவது மஞ்சள் நிற உத்தரவு வந்த அதே மாதத்தில், 1926, 1927-ஆம் ஆண்டுகளில் பிறந்த பள்ளி மாணவர்களை விமான எதிர்ப்புப் பேட்டரிகளுக்கு உதவியாளர்களாக அழைத்தார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். வயதுவந்த வீரர்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தை இவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். ஆசிரியர்கள் பீரங்கி நிலைக்கே வந்து பாடம் நடத்தினார்கள். இரவெல்லாம் சுட்டுவிட்டுக் காலையில் லத்தீன் இலக்கணம். பல பேட்டரிகளில் சோவியத் போர்க் கைதிகளும் குண்டு சுமந்தார்கள்.

கடையில் கிடைக்கும் உருவத் தொகுப்புகளில் இந்தப் பையன்களைக் காண்பது அரிது. நான் என் அலமாரியில் ஃபிளாக் 37-க்குப் பக்கத்தில் வைத்திருக்கும் உருவம், 1/35 தொகுப்பிலிருந்து எடுத்த ஓர் ஒல்லியான ஓட்டுநர். தலையை மாற்றினேன், தோளைச் சீவிக் குறுக்கினேன், கோட்டின் கைகளை விரல் நுனிவரை புட்டிக் களிம்பால் நீட்டினேன். அந்தக் கோட் அவனுக்காகத் தைத்தது இல்லை என்பது பார்த்ததும் தெரிய வேண்டும். இதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யார்?

கேள்வி (கட்டட ஒப்பந்ததாரர்): உலகின் மிகப் பெரிய பீரங்கியான 80 செ.மீ. டோராவை 1/35-ல் வாங்க முடிவு செய்துவிட்டேன். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

பதில்: முதலில் சுவரை அளந்தீர்களா? அசல் 47 மீட்டர் நீளம். 1/35-ல் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும். உயரமும் முப்பது சென்டிமீட்டருக்கு மேல். இரட்டை ரயில் பாதையையும் சேர்த்துத் தளம் வேண்டும். கட்டட ஒப்பந்ததாரர் என்பதால் அறையைக் கட்டிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அதன் சாதனையையும் அறிந்து வாங்குங்கள். 1,350 டன் எடை. பிரான்சின் மாஜினோ அரண்களை உடைப்பதற்காக குரூப் நிறுவனத்தில் செய்யத் தொடங்கினார்கள். முடிவதற்குள் பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது. 1942 ஜூனில் செவாஸ்டபோலில் ஐம்பதுக்கும் குறைவான குண்டுகளைச் சுட்டது. போர்முனையில் அதன் வாழ்வு அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு ஆறு குதிரைகளோடு முழு ஹோவிட்சர் வரிசை ஒன்றையே அமைக்கலாம். கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆசீர்வாதம்.

ரயில் பீரங்கிதான் வேண்டும் என்றால் 28 செ.மீ. கே5 இருக்கிறது. 218 டன் எடையுள்ள அது நிஜமாகவே பல முனைகளில் சுட்டது. இத்தாலியின் அன்சியோவில் அமெரிக்கர்களைத் துன்புறுத்திய, லியோபோல்ட் என்ற பெயருள்ள கே5 இன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது. இன்னொன்று பிரான்சின் ஆடிங்கன் ஊரில், டோட் பேட்டரி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேரில் படமெடுத்து ஒப்பிட அசல் இருக்கும் பீரங்கியைச் செய்வதில் தனிச் சுகம் உண்டு.

கேள்வி (நூலகர்): அருங்காட்சியகத்தில் நிற்கும் அசலைப் பார்த்துச் செய்தால் பிழையே வராது அல்லவா?

பதில்: வரும். போருக்குப் பிறகும் அந்தப் பீரங்கிகள் ஓய்வெடுக்கவில்லை. பின்லாந்து தன்னிடம் இருந்த 15 செ.மீ. கன ஹோவிட்சர்களைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, 1980-களில் 152 மி.மீ. குழலையே மாற்றிப் பொருத்தியது. அதன் முன்னால் நின்று அளவெடுத்துவிட்டு ‘ஸ்டாலின்கிராடு, 1942’ என்று பலகை வைத்தால் என்ன செய்வது? அருங்காட்சியகப் பீரங்கிகளில் சக்கரங்கள் மாறியிருக்கும். நிறம் பலமுறை பூசப்பட்டிருக்கும். இரும்பின் வடிவத்துக்கு அசலைப் பாருங்கள். மற்றதற்கெல்லாம் அந்த ஆண்டில் எடுத்த புகைப்படம்.

கேள்வி (மரச்சாமான் வியாபாரி): 1930-களின் ஜெர்மானிய பொம்மைகளான லினியோல் வீரர்களும் எலாஸ்டோலின் தகரப் பீரங்கி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. வாங்கலாமா? அழகான ஓக் அலமாரி ஒன்று செய்து அதில் வைக்க உத்தேசம்.

பதில்: வாங்கலாம். துல்லியத்துக்காக வாங்காதீர்கள். அவை அந்தக் காலத்து ஜெர்மானியச் சிறுவர்கள் விளையாடியவை. மரத்தூள், பசை, வெண்களிமண் கலந்த கூழைக் கம்பிச் சட்டத்தின்மேல் அச்சில் அழுத்திச் செய்த வீரர்கள். பீரங்கிகள் தகரம். பொட்டு வெடி வைத்துச் சுடலாம். பீரங்கியின் மூவண்ணப் பூச்சு 1930-களின் நடுப்பகுதியில் இருந்த ராணுவப் பூச்சை ஒட்டியது. ஒரு நாடு தன் பிள்ளைகளை எதற்குத் தயார் செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அலமாரியில் வைக்கக் கிடைக்காது.

வீரர்களின் கணுக்காலையும் துப்பாக்கி பிடித்த கையையும் பாருங்கள். ஈரத்தில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். மேலே கூழ் வெடிக்கும். வெடிப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெடிப்பே இல்லாமல் நிறமும் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். யாரோ மேல்பூச்சுப் பூசியிருக்கலாம். நீங்களும் தூரிகையை எடுத்துவிடாதீர்கள்.

ஓக் அலமாரி வேண்டாம். ஓக் மரம் ஆண்டுக்கணக்கில் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈய உருவங்கள் அதில் வெள்ளைப் பொடி பூத்து உதிர்ந்துபோகும். அந்தப் பொடி நச்சு, வாயால் ஊதாதீர்கள். ஒட்டுப்பலகைகள் சிலவும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடியும் உலோகமும், கொஞ்சம் காற்றோட்டமும் போதும். பழைய துத்தநாக வார்ப்புகளில் வேறொரு நோய். வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால் பிற்பாடு உள்ளிருந்தே விரிசல் விட்டுப் பொடியும். அதற்கு மருந்து இல்லை. பிளாஸ்டிக் கிட் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: மென்மையான வினைல் டயர் நாளடைவில் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கரைக்கும். மாட்டுவதற்கு முன் சக்கரத்துக்கு நிறம் பூசிவிடுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியை): என் பேரன் ஜெர்மானிய பீரங்கிகளாக வாங்கி அடுக்குகிறான். கொடியவர்களின் ஆயுதங்கள் வீட்டுக்குள் எதற்கு என்று கேட்டால், இது வரலாறு பாட்டி என்கிறான். தடுக்கலாமா? நாஜிச் சின்னங்களை வைக்கலாமா?

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. வரலாறு என்று அவன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். பீரங்கியின் எடையும் நிறமும் தெரிந்தவனுக்கு அது எங்கே சுட்டது என்பதும் தெரிந்தாக வேண்டும். லெனின்கிராடு நகரை 872 நாள் முற்றுகையிட்டார்கள். நகரின் நெவ்ஸ்கி வீதியில் நீல நிறப் பட்டையில் வெள்ளை எழுத்துகளால் எழுதிய எச்சரிக்கை ஒன்று இன்றும் இருக்கிறது: குண்டுவீச்சின்போது வீதியின் இந்தப் பக்கம் மிக ஆபத்தானது. பீரங்கிகள் நகருக்குத் தென்மேற்கே இருந்தன. குண்டுகள் அங்கிருந்து பறந்து வந்து வீதியின் வடக்குச் சாரியில் விழுந்தன. அது ஒரு பள்ளிக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரின் படத்தை அச்செடுத்து அலமாரிக்குள், கன ஹோவிட்சருக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.

செய்தவர்களையும் கேளுங்கள். குரூப் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரீட் குரூப், கட்டாய உழைப்புக்காகவும் கொள்ளைக்காகவும் 1948-ல் நியூரம்பர்க்கில் 12 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 1951-லேயே விடுவித்துவிட்டார்கள். அந்தப் பெயர் பேரனின் கிட் பெட்டிகளில் இருக்கும்.

சின்னங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. கலை, கல்வி, ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஸ்வஸ்திகாவுக்குப் பீரங்கியில் பெரும்பாலும் இடமே இல்லை. சீருடையின் மார்பில் கழுகின் காலடியில் இருக்கும் சின்னம் 1/35-ல் ஒரு புள்ளி. பீரங்கியை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு பெரிய கொடியைத் தொங்கவிட்டால், அவன் சேகரிப்பது வேறு எதையோ. அப்போது தடுங்கள்.

கேள்வி (பள்ளி மாணவி): ஹோவிட்சரைச் சுற்றிக் காலி தோட்டா உறைகளை எப்படிப் போடுவது? எல்லாம் பித்தளை நிறம்தானே?

பதில்: போரின் தொடக்க ஆண்டுகளுக்குப் பித்தளை. செம்புக்குத் தட்டுப்பாடு வந்த பிற்பகுதிக்கு எஃகு உறைகளையும் கலந்து வை. மங்கலான பச்சைச்சாம்பலோ பித்தளை முலாமோ பூசலாம். இந்தப் படையின் பெரிய பீரங்கிகளுக்கும் உலோக உறை கட்டாயம். பக்கவாட்டில் நகரும் பிரீச் கதவுக்குப் பின்னால் வாயு கசியாமல் அடைப்பது அந்த உறைதான். வெறும் துணிப்பை மருந்தைக் காட்டிவிடாதே.

சிதறவிடாதே. உறைகளைத் திரும்ப ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் பொறுக்கி ஓரமாக அடுக்கினார்கள். சண்டை நடக்கும் காட்சி என்றால் கால்களுக்குப் பின்னால் நான்கைந்து கிடக்கட்டும். மற்றவை பத்திருபதாகக் குவியலில். குண்டுகளைப் பிரம்புக் கூடைகளில் நிறுத்தி, உறைகளிலிருந்து தள்ளி வை. இலகு ஹோவிட்சரில் குண்டும் உறையும் தனித்தனியாகத்தான் உள்ளே போகும். குண்டு செருகிய முழுத் தோட்டாவாக அடுக்கி வைத்தால் அது பாக் 40-இன் அடுக்கு. கூடையை நீயே பின்னலாம்: ஈரமாக்கிய மெல்லிய சணல் நூலைப் பென்சிலில் சுற்றி, நீர்த்த பசை தடவி, காய்ந்ததும் உருவி எடு.